கையேட்டில் 150, கொட்டகையில் 130

மாணவர்களே, லெம்பா பெர்த்தாமில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பழைய லேண்ட்ரோவர் நிற்கிறது. கேமரன் மலையைத் தெரிந்தவர்களுக்கு இது கற்பனையாகவே தோன்றாது. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட இந்த வாகனம், தேயிலைத் தோட்டங்களின் மண் சாலைகளுக்கும் முட்டைக்கோஸ், தக்காளி மூட்டைகளுக்கும் அப்படிப் பொருந்திப்போனது. பிறந்த நாட்டில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட வயதுடைய வண்டிகள் ரிங்லெட்டிலும் பிரிஞ்சாங்கிலும் இன்னும் மூட்டை சுமக்கின்றன.

நம்முடையது 1971 முதல் 1985 வரை தயாரான ‘சீரிஸ் 3’ வகை, பெட்ரோல் வண்டி. கொஞ்ச நாளாக மேடேறும்போது இழுவை இல்லை. அடிக்கடி இன்ஜின் எண்ணெய், அதாவது நம் பட்டறைகளில் சொல்லும் ‘மின்யாக் ஈத்தாம்’, ஊற்ற வேண்டியிருக்கிறது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்றிப் பார்க்கிறீர்கள். 132, 128, 96, 130 பிஎஸ்ஐ. நல்ல இன்ஜினுக்கு 150 வர வேண்டும் என்று கையேட்டில் இருப்பதாகக் கொள்வோம். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன், “நாலுமே போச்சு தம்பி, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க” என்கிறார்.

அவர் சொல்வது சரியா? உங்கள் அப்பா வேறு வண்டிக்குக் கடன் வாங்குவதா வேண்டாமா என்பது இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. விடையில் பாதி இன்ஜினுக்குள் இருக்கிறது. மீதிப் பாதி கொட்டகையைச் சுற்றியுள்ள காற்றில் இருக்கிறது.

காற்றை முதலில் பார்ப்போம்

தாப்பாவில் வாங்கிய குரோப்போக் பொட்டலம், மலைக்கு வந்து சேரும்போது பலூன் போல் உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அடைபட்ட காற்று மாறவில்லை. வெளியே அதை அமுக்கிப் பிடித்திருந்த காற்றுதான் இளைத்துவிட்டது. கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். லெம்பா பெர்த்தாம் இருக்கும் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் அது 90 கிலோபாஸ்கல்தான்.

இன்ஜின் என்பது அடிப்படையில் காற்றை இழுத்து அமுக்கும் பம்பு. பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடம் 8 பங்கு என்றால், மேலே வரும்போது 1 பங்கு. இதைத்தான் 8-க்கு 1 அமுக்க விகிதம் என்கிறோம். எத்தனை மடங்கு அழுத்தம் கூடும் என்பது இன்ஜினின் கையில். எதை அத்தனை மடங்காக்குவது என்பது அந்த ஊர்க் காற்றின் கையில். தொடங்கும் அழுத்தம் 101-க்குப் பதில் 90 என்றால், முடியும் அழுத்தமும் அதே விகிதத்தில், அதாவது 0.89 மடங்காக, குறையும். 150-ஐ 0.89-ஆல் பெருக்குங்கள். 133 வருகிறது.

ஆக, 132, 128, 130 ஆகிய மூன்றும் நோயாளிகளே அல்ல. கடலோரத்துக்கு எழுதிய கையேட்டை மலையில் அப்படியே படித்ததால் வந்த பயம் அது. நிஜமாகவே படுத்திருப்பது மூன்றாவது சிலிண்டர் மட்டும். இருப்பதிலேயே உயர்ந்த அளவைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் எதுவும் குறையக் கூடாது என்பது பட்டறைகளின் பொது விதி. 96 என்பது 132-ஐவிட 27 விழுக்காடு குறைவு. சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் இந்த முறையில் ஒரு வசதி உண்டு: நான்கும் ஒரே ஊர்க் காற்றைத்தான் இழுக்கின்றன, அதனால் உயரம் குறுக்கே வராது.

(ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு அளந்தீர்களா? காற்று நுழையும் கதவை மூடி வைத்துக்கொண்டு அளந்தால், எந்த நல்ல இன்ஜினும் தோற்றுப்போகும்.)

அடுத்த சோதனைக்கு ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெய் போதும். அதை மூன்றாவது சிலிண்டருக்குள் விட்டு மறுபடி அளக்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்திருந்தால், எண்ணெய் அந்த இடுக்கைத் தற்காலிகமாக அடைத்து அழுத்தத்தை உயர்த்தும். வால்வோ, ஹெட் கேஸ்கெட்டோ ஒழுகினால் எண்ணெயால் பயன் இராது, முள் நகராது. நம் கதையில் 96 என்பது 124 ஆகிறது. குற்றவாளி வளையம், அல்லது அது உரசும் சுவர். இன்ஜினைத் திறந்தே ஆக வேண்டும்.

கழற்றுவது எளிது

திறப்பதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. பொறுமையும், கைப்பேசிக் கேமராவும், போல்ட்டுகளைப் பிரித்துவைக்க முட்டைத் தட்டும் போதும். இன்ஜினைத் தூக்கி இறக்கும்போது மட்டும் பெரியவர்கள் உடன் இருக்க வேண்டும். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகவே கூடாது. வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் விடாதீர்கள். சட்டப்படி அது அட்டவணைக் கழிவு. பட்டறைகளில் சேர்த்து வைத்து எடுத்துப் போவார்கள்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் என் அனுபவத்திலிருந்து சொல்லியாக வேண்டும். முதன்முதலாக நான் கழற்றிய இன்ஜினில், கனெக்டிங் ராடுகளின் அடி மூடிகள் நான்கையும் ஒரே வாளியில் போட்டுக் கழுவினேன். நான்கும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. மாற்றிப் பூட்டியதும் கிராங்க் அசையவே மறுத்தது. ஒவ்வொரு ராடும் அதன் மூடியும் சேர்த்துப் பூட்டிய நிலையில்தான் தொழிற்சாலையில் துளை கடைகிறார்கள். ஒன்றின் மூடி இன்னொன்றுக்கு வட்டமாகப் பொருந்தாது. பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது பிஸ்டனை வெளியே எடுத்ததும் விஷயம் தெரிந்துவிடுகிறது. ஒரு வளையம் உடைந்து, அதன் துண்டு சிலிண்டர் சுவரில் நெடுகக் கோடு கீறியிருக்கிறது. மற்ற மூன்றையும் அளக்க வேண்டும். சிலிண்டர் எப்போதும் மேல்பகுதியில்தான் அதிகம் தேயும். எரியும் வாயுவின் அழுத்தம் அங்கேதான் உச்சம். எண்ணெய் அங்கேதான் குறைவு. போதாததற்கு, பிஸ்டன் அங்கே ஒரு கணம் நின்று திரும்புகிறது. அதனால் மேல், நடு, அடி என மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளில் விட்டத்தை அளக்க வேண்டும்.

இந்த இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 90.47 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 88.9 மில்லிமீட்டர். நீள்உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் இவற்றைப் போட்டு, நான்கால் பெருக்கிப் பாருங்கள். 2,286 கன சென்டிமீட்டர் வரும். வண்டியின் பதிவில் ‘2286 சிசி’ என்று இருப்பது இந்தக் கணக்குதான்.

மற்ற மூன்றும் அளவுக்குள் இருந்தால், கீறல் விழுந்த ஒன்றுக்கு மட்டும் உள்ளே புது இரும்புக் குழாய், அதாவது ஸ்லீவ், இறக்கிக் கடைந்துவிடலாம். இது கொட்டகையில் நடக்கிற வேலை இல்லை. ஈப்போவிலோ வேறு நகரத்திலோ உள்ள கடைசல் பட்டறைக்குத்தான் பிளாக் போக வேண்டும். வீட்டிலேயே எல்லாம் செய்துவிடலாம் என்று வீறாப்புப் பேசுபவர்கள் கையில் நூறில் ஒரு மில்லிமீட்டரை அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அளக்கும்போது மலை மறுபடி குறுக்கே வருகிறது, இந்த முறை குளிராக. காலையில் லெம்பா பெர்த்தாம் கொட்டகையில் 17 பாகை. பிற்பகலில் ஈப்போ பட்டறையில் 32 பாகை. வார்ப்பிரும்பு ஒவ்வொரு பாகைக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 11 பங்கு விரியும். அலுமினியம் ஏறத்தாழ 21 பங்கு. 15 பாகை வித்தியாசத்தில் இரும்பு சிலிண்டரின் விட்டம் 0.015 மில்லிமீட்டர் கூடுகிறது, அலுமினியப் பிஸ்டனோ 0.028 கூடுகிறது. அதாவது இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி, யாரும் எதையும் தொடாமலேயே, 0.013 மில்லிமீட்டர் சுருங்கிவிட்டது. தலைமுடியின் தடிமனில் சிறு பங்குதான். ஆனால் பிஸ்டனுக்கு விடும் மொத்த இடைவெளியே ஒரு தலைமுடி அளவுதான். அதனால் பிஸ்டனையும் பிளாக்கையும் ஓர் இரவு ஒரே அறையில் வைத்திருந்து, பிறகு அளப்பார்கள். பொறியியல் அளவுகள் எல்லாம் 20 பாகைக்கு என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கேமரன் மலையில் அதற்குக் குளிர்சாதனம் கூடத் தேவையில்லை.

வளையத்தின் வாய்

புது வளையத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது முழு வட்டம் இல்லை. ஓரிடத்தில் வெட்டு இருக்கும். வளையத்தைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, அந்த வாயின் இடைவெளியை மெல்லிய ஃபீலர் தகடுகளால் அளக்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு அது சுமார் 0.4 மில்லிமீட்டர்.

‘வாயு கசியுமே, இடைவெளியே இல்லாமல் இறுக்கமாகப் போட்டால் என்ன?’ என்று தோன்றும். கணக்குப் போடுவோம். வளையத்தின் சுற்றளவு சுமார் 284 மில்லிமீட்டர். இன்ஜின் ஓடும்போது வளையம் சிலிண்டர் சுவரைவிட 100 பாகை கூடுதலாகச் சூடாகிறது என்று கொள்வோம். 284-ஐ 0.000011-ஆலும் 100-ஆலும் பெருக்கினால் 0.31 மில்லிமீட்டர். அத்தனையும் அந்த வாய்க்குள்தான் வளர்ந்தாக வேண்டும். 0.4 விட்டிருந்தால் 0.09 மிஞ்சுகிறது. 0.2 மட்டும் விட்டிருந்தால்? இரு முனைகளும் முட்டிக்கொள்ளும், வளையம் வெளிப்புறமாகப் பிதுங்கிச் சுவரைக் கீறும், கடைசியில் உடையும். நம் மூன்றாவது சிலிண்டரில் கண்ட கீறலை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு யாரோ அளக்காமல் பூட்டியிருக்கலாம்.

பூட்டும் வேலையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் கையேடு இதில் சொன்னது எல்லா ஊருக்கும் பொருந்தும். ஒவ்வோர் உராயும் பரப்பிலும் சுத்தமான எண்ணெய். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றுகளில், முறுக்குவிசை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் தகடு வளைந்து நின்றுவிடும். வால்வுகளின் டேப்பெட் இடைவெளி 0.25 மில்லிமீட்டர். தீப்பொறி போகும் வரிசை 1-3-4-2.

முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும் அந்த நாளில் மட்டும் ஒன்றை மறக்காதீர்கள். மலையில் குளிருக்கும் மழைக்கும் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொள்வது பழக்கம். இன்ஜின் ஓடும்போது அதைச் செய்யவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி வந்த பிறகு வெளியே போகலாம் என்று நினைத்தால், அப்போது கால் எழும்பாது. வண்டியை வாசலுக்குத் தள்ளி வந்து, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். இந்த விஷம் மலையில் ஏன் இன்னும் அதிகம் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

பெட்ரோல் ஏன் கூடுகிறது?

இன்ஜின் ஓடுகிறது. ஆனால் புகை கொஞ்சம் கறுப்பு. இவ்வளவு செய்தும் இப்படியா?

பெட்ரோல் முழுமையாக எரிய, 1 கிராமுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கார்புரேட்டரின் நடுவில் குறுகிய தொண்டை ஒன்று இருக்கிறது. காற்று அதன் வழியே வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, ஜெட் என்னும் நுண்துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. இனி கவனமாகப் பாருங்கள். 30 பாகையில் தாப்பாக் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.16 கிலோகிராம். 21 பாகையில் லெம்பா பெர்த்தாம் காற்றின் அடர்த்தி 1.07. (அழுத்தம் 11 விழுக்காடு குறைந்தாலும் அடர்த்தி 9 விழுக்காடுதான் குறைந்திருக்கிறது; குளிர் கொஞ்சத்தைத் திருப்பித் தந்துவிட்டது.) இன்ஜின் இழுக்கும் காற்றின் கன அளவு அதேதான். ஆகவே உள்ளே போகும் காற்றின் நிறை 9 விழுக்காடு குறைகிறது.

பெட்ரோலும் 9 விழுக்காடு குறைந்தால் தொல்லை இல்லை. ஆனால் அது குறையாது. தொண்டையில் ஏற்படும் அழுத்தக் குறைவு காற்றின் அடர்த்திக்கு நேர் விகிதம். பெட்ரோல் பாயும் அளவோ அந்த அழுத்தக் குறைவின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதம். 0.914-இன் வர்க்கமூலம் 0.956. பெட்ரோல் 4 விழுக்காடு சொச்சம்தான் குறைகிறது. 14.7 என்றிருந்த கலவை சுமார் 14.1 ஆகிவிட்டது. இன்னும் மேலே, 2,000 மீட்டரில் குனோங் பிரிஞ்சாங் உச்சிக்குப் போனால் 13.4. காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் அரைகுறையாக எரிந்து கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வெளியேறுகிறது.

அப்பாவின் மைவியில் இந்தச் சிக்கல் இல்லாதது ஏன் என்று கேட்பீர்கள். அதில் உணர்விகள் உள்ளே போகும் காற்றைக் கணித்துக்கொண்டே இருக்கின்றன. கணினி அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கிறது. நம் லேண்ட்ரோவரில் அந்தக் கணினி நீங்கள்தான்.

நிறையப் பேர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். கார்புரேட்டரின் பக்கவாட்டுத் திருகைத் திருப்பிக் கறுப்புப் புகையை நிறுத்தப் பார்க்கிறார்கள். அது வண்டி நின்றபடி ஓடும் நிலைக்கு மட்டும் உரிய திருகு. மேட்டில் இழுக்கும்போது பெட்ரோல் தருவது முதன்மை ஜெட். அதை மாற்ற வேண்டும். எவ்வளவு? துளை 1.25 மில்லிமீட்டர் என்றால், பாய்ச்சலை 4.4 விழுக்காடு குறைக்க 1.22 போதும். வித்தியாசம் 0.03 மில்லிமீட்டர். ஜெட் அடைத்துக்கொண்டால் கம்பியை விட்டுக் குடையாதீர்கள் என்று போர்மேன்கள் திட்டுவதற்குக் காரணம் புரிகிறதா? இரண்டு முறை குடைந்தால் மலைக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசம் எதிர்ப்பக்கமாக ஏறிவிடும்.

ஆனால் கார்புரேட்டரைக் கடைசியில்தான் தொட வேண்டும். டேப்பெட், பிறகு தீப்பொறி முனைகளின் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி, பிறகு டைமிங், அதற்குப் பிறகே கலவை. டைமிங் என்பது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்னால் தீப்பொறி விழ வேண்டும் என்பது. நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஒரு சுற்றுக்கு 25 மில்லிவினாடி. கலவை எரிய 2 மில்லிவினாடி எடுத்தால், அதற்குள் கிராங்க் 29 பாகை திரும்பிவிடும். மலைக்காற்றில் கலவை அடர்த்தி குறைவு. சற்று மெதுவாக எரியும். ஓரிரு பாகை முன்னதாகப் பொறி வைத்தால் இழுவை கூடும். இங்கே தட்டல் சத்தமும் எளிதில் வராது.

இப்போது நீங்களே முடிவெடுக்க வேண்டிய கட்டம். வண்டி லெம்பா பெர்த்தாமுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையிலேயே ஓடுமானால், ஜெட்டைச் சிறிதாக்கி, டைமிங்கை முன்தள்ளுங்கள். பெட்ரோலும் மிச்சம், புகையும் குறைவு. வாரம் ஒருமுறை தாப்பாவுக்கு இறங்கும் வண்டி என்றால்?

இறங்கும்போது ஒன்றும் ஆகாது. இன்ஜினுக்கு அப்போது வேலையே இல்லை. திரும்பி ஏறுவதை யோசியுங்கள். உரமூட்டையோடு தாப்பாவில் புறப்படுகிறது. 30 பாகை வெயில், அடர்ந்த காற்று, ஆக்சிலரேட்டர் அடிவரை. சிறிய ஜெட் அந்தக் காற்றுக்குப் போதிய பெட்ரோலைத் தராது. முன்தள்ளிய பொறியும் சேர்ந்துகொள்ள, தட்டல் தொடங்கும். தட்டல் என்பது கலவை தானாக ஒரே வெடிப்பாக எரிவது. பிஸ்டன் தலையையும் நீங்கள் அளந்து அளந்து போட்ட வளையத்தையும் அதுதான் உடைக்கும். இந்த இன்ஜினுக்கு மிகக் கடினமான நிமிடங்கள் அதன் வீடு இருக்கும் மலையில் இல்லை, அடிவாரத்தில் இருக்கின்றன. நானாக இருந்தால் இந்த வண்டிக்குக் கையேட்டின் ஜெட்டையும் டைமிங்கையும் அப்படியே விட்டுவிட்டு, மேலே வரும் கொஞ்சம் கறுப்புப் புகையைப் பொறுத்துக்கொள்வேன்.

முதல் முறை தாப்பாவிலிருந்து ஏறியதும், ரிங்லெட்டில் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சூடு ஆறட்டும். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் சரி. வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை. கரி என்றால் மிஞ்சுகிறது. மூன்றாவது பிளக் மற்ற மூன்றைப் போலவே இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அழுத்தமானியை மீண்டும் மாட்டுங்கள். அதே கொட்டகையில் நான்கும் 130-ஐ ஒட்டி வந்தால், பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டலாம். கையேட்டில் 150 என்று போட்டிருக்கிறதே என்று அவர் கேட்பார். உங்களிடம் பதில் இருக்கிறது.